பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம்

விருதுநகர் தேசபந்து மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குள் வேல்விழி நுழைந்தபோது மணி பதினொன்று. ஒரு மணிக்கும் அவள் அங்கேயேதான் நின்றிருந்தாள். மேஜைமேல் அவளுக்கு முன்னால் இரண்டு லேப்டாப்புகள் இருந்தன. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, இரண்டையும் வாங்க வக்கில்லை.

பெரியதற்குள் இருந்தது கோர் டூ டியோ பிராசசர். சின்னதற்குள் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிற வேறொன்று. அவள் கையோடு கொண்டுவந்திருந்த சிடியில் ஒரு முருகன் படம் இருந்தது. காலண்டருக்காக அவளே செய்தது. மயில் ஒரு அடுக்கு, வேல் ஒரு அடுக்கு, பின்னால் மலை ஒரு அடுக்கு என்று அறுபது அடுக்குக்கு மேல். பெரிய மெஷின் அதை ஒரு நிமிஷத்துக்குள் திறந்துவிட்டது. சின்னது ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்டது. ஆறு நிமிஷமும் முருகன் கிரீடத்திலிருந்து கீழ்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தருளினார்.

"ஆனா பாட்டரியைப் பாருங்கக்கா," என்றாள் பிரீத்திகா. கடைக்காரர் லட்சுமிகாந்தத்தின் மகள், இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறவள், விற்க வேண்டும் என்பதற்காகப் பொய் சொல்லாத பெண். "சின்னது ஆறு மணி நேரம் நிக்கும். பெருசு ஒண்ணே முக்கா மணி. படம் வரையுற சாஃப்ட்வேரைப் போட்டு ஓட்டுனா அதுவும் நிக்காது. வேகமா ஓடுற பிராசசர் கரண்டைத் தின்னும், சூடும் ஆகும். வேகம் வேணுமா, சார்ஜ் நிக்கணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

"ரெண்டும் சேர்ந்தாப்புல ஒண்ணு இல்லியாம்மா?"

"இருக்குக்கா. லட்ச ரூவா ஆகும்."

வேல்விழி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கண் கலங்கியது. பிரீத்திகா அதைப் பார்க்காத மாதிரி மேஜையைத் துடைத்தாள்.

வேல்விழிக்கு எந்த மெஷின்மேலும் ஆசை கிடையாது. அவள் வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ஏழு வருஷமாகக் காலண்டர் படம் வடிவமைக்கிறாள். அவள் புருஷன் மாரிக்கண்ணன் அவர்கள் ஊர் அச்சங்குளத்தில் ஒரு பயராபீஸில் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தான். பட்டாசுக் கம்பெனியை அந்தப் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆபீஸ் என்ற சொல்லுக்கு இவ்வளவு பெரிய அவமரியாதை வேறெங்கும் நடந்திருக்காது. போன வருஷம் புரட்டாசியில் பக்கத்து அறையில் வெடித்தது இவன் அறைக்கும் வந்தது. அங்கே இருந்த மூன்று பேரில் இவன் ஒருவன்தான் மிச்சம். இரண்டு கையும் வெந்து, விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிச் சுருண்டு போயின. இடது காது அன்றைக்கே போயிற்று. வலது காதில் வாயை வைத்துப் பேசினால் பாதி கேட்கும். ஒரு வாய் தண்ணீர் என்றாலும் இன்னொருவர் கையால்தான்.

எட்டு மாதம் அவனைப் பார்த்துக்கொண்டவள் அவனுடைய அக்கா மாடத்தி. தீபாவளி சீசன் நெருங்க, அவளும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேலைக்குப் போயாக வேண்டும். "எங்க வீட்லயும் அடுப்பு எரியணும்ல," என்றாள். தப்பு சொல்ல முடியாது.

பிரஸ் முதலாளி கனகசபாபதி கெட்ட மனுஷன் இல்லை. வேல்விழி போய் நின்றதும் உட்காரச் சொல்லி, முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒனக்காக ஒரு சீசன் பாக்கேம்மா," என்றார். "புது ஆல்பத்துக்கு முப்பத்தாறு படம். வீட்ல வச்சே செய். ஆடி மூணாம் தேதிக்குள்ள அம்புட்டும் என் கைக்கு வந்துரணும். வந்துச்சுன்னா நீ எப்பவும் வீட்லருந்தே பாரு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வரலைன்னா, இங்க வந்து வேலை பாக்கணும், இல்லாட்டி விட்டுறணும்."

சிவகாசிக் காலண்டருக்கு வருஷம் ஆடியிலேயே பிறந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்று சாமி முன்னால் வைத்துப் பூஜை போட்டு, அடுத்த வருஷத்து மாதிரிப் படங்களையெல்லாம் தைத்த ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். அந்த நாளைத் தவறவிட்ட படத்துக்கு அந்த வருஷம் கிடையாது. பெருக்குக்கு முன்னால் பிளேட் போட்டு, அடித்து, தைக்க வேண்டும். ஆகவேதான் ஆடி மூன்று.

அச்சங்குளத்தில் கரண்டு வந்து போகிற அழகைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு மூன்று வருஷம் தமிழ்நாட்டில் இருந்த எல்லோரும் அனுபவித்ததுதான். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அறிவித்த வெட்டு. அது மட்டும் கடிகாரம் தவறாது. சாயங்காலம் அறிவிக்காத வெட்டு. லேப்டாப்பில் பாட்டரியைப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பது வேல்விழிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு தடவை சேமிக்கச் சொன்னால் நாலு நிமிஷம் யோசிக்கிற மெஷினில் முப்பத்தாறு படத்தை எப்படி முடிப்பது?

அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் திரும்பினாள். ராத்திரிச் சோற்றை மாரிக்கண்ணனுக்கு ஊட்டியபடியே வலது காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மென்று முடிக்கும்வரை யோசித்தான்.

"இதுல என்ன புள்ள யோசனை," என்றான். "வேகமா ஓடுறதை வாங்கு."

"சார்ஜ் நிக்காதுங்க."

"நிக்காட்டி போகுது. நாங்க எப்படிப் பார்த்தோம்? விடியக்காலம் போய் உக்காந்தா வெயில் ஏறுமுன்ன மருந்தை முடிச்சிட்டு எந்திரிச்சிருவோம். வெயில் ஏறிட்டா கை வைக்கப்படாது. உனக்குக் கரண்டுதான் மருந்து. காலையில நாலுலருந்து பத்து வரைக்கும் கரண்டு இருக்குல்ல? அதுக்குள்ள முடிச்சிரு. எம்புட்டு நேரம் உக்காந்தோம்னா கூலி கொடுக்கான்? எம்புட்டு உருப்படின்னுதான கேக்கான்."

அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கணக்கு. பன்னிரண்டு டஜன் சேர்ந்த குரோஸுக்கு இவ்வளவு, கட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகிய ஊருக்கு நேரம் என்பது ஒரு பொருட்டே இல்லை. மாரிக்கண்ணன் கை ஒரு காலத்தில் பேர்போன கை. மற்றவர்கள் பத்து மணிக்கு முடிப்பதை அவன் எட்டரைக்கு முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடிக்கு ஏங்குவான், உள்ளே பீடி கூடாதென்பதால். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் இவ்வளவு உற்சாகமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. அவன் சொன்னது அவளுக்கும் சரியென்று பட்டது. அவளும் அந்த ஊர்ப் பெண்தானே.

நஷ்டஈட்டில் ஆஸ்பத்திரி போக மிஞ்சியிருந்ததை வழித்தெடுத்து வைகாசிக் கடைசியில் பெரியதை வாங்கினாள்.

சொல்லக்கூடாது, ஆனி நன்றாகவே போயிற்று. நாலு மணிக்கு எழுந்து உட்காருவாள். மெஷின் பறந்தது. பத்து மணி அடிக்கும்போது கரண்டு போகும். பாட்டரியில் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டி, மிச்சத்தை முடித்துவிட்டு மூடுவாள். பிறகு மாரிக்கண்ணனைக் குளிப்பாட்டுவாள், சோறு ஊட்டுவாள். முடித்த படங்களைச் சிடியில் ஏற்றிக் கண்டக்டர் பெத்தணனிடம் கொடுத்துவிட்டால், சிவகாசி பஸ் ஸ்டாண்டில் பிரஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். மாரிக்கண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். மெஷினின் பக்கவாட்டில் சூடாகக் காற்று வரும். அது மேலே பட்டால் அவன் உடம்பு தானாக ஒடுங்கும். அதனால் அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தாள்.

"இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பான்.

"ஒண்ணு. ரெண்டாவதும் ஆரம்பிச்சாச்சு."

"கை பேசுது," என்பான். அந்தப் பேச்சைக் கேட்கவே அவள் மறுநாள் நாலு மணிக்கு எழுந்தாள். சந்தோஷமாக இருந்தாள் என்றே சொல்ல வேண்டும். இனி இப்படியேதான் இருக்கப்போகிறது என்று நம்பினாள்.

ஆனி இருபத்தொன்பதில் இருபத்தொன்பது படம் முடிந்திருந்தது. மிச்சம் ஏழு. கையில் ஆறு நாள்.

அன்றைக்கு மத்தியானம் காற்று எழுந்தது. ஆடிக்காற்று நாலு நாள் முன்கூட்டியே கிளம்பிவிட்டது. வயல்காட்டில் இரண்டு கம்பம் சாய்ந்து, கம்பியோடு கம்பி அடித்து, ஊர் டிரான்ஸ்பார்மர் ஒரு பெரிய சத்தத்தோடு போயிற்று. அச்சங்குளத்தில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் ஓடுவது பயராபீஸ்கள் இருக்கும் திசைக்குத்தான். அன்றும் ஓடினார்கள். டிரான்ஸ்பார்மர்தான் என்று தெரிந்ததும் நிம்மதியாகத் திரும்பி வந்தார்கள். ஊரிலேயே வேல்விழி ஒருத்திக்குத்தான் நிம்மதி இல்லை.

"எப்பண்ணே வரும்?" என்று லைன்மேன் ராக்கப்பனைக் கேட்டாள்.

"மேல எழுதிப் போட்டிருக்கு. மதுரையிலருந்து வேற வரணும். நாலு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம்."

பாட்டரியில் இருந்தது ஒரு மணி பத்து நிமிஷம். அறுபது அடுக்குப் படத்தைத் தூக்கி நிறுத்துகிற வேலையில் பிராசசர் அதைக் குடித்துத் தீர்த்தது. ஒரு படத்தில் கால்வாசிகூட முடியவில்லை.

மறுநாள் காலை மாரிக்கண்ணனுக்கு ஊட்டி முடித்து, பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கத்திடம் ஒரு எட்டு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு சாத்தூருக்குப் பஸ் ஏறினாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் கெஞ்சி இடம் பிடித்து, சுவர்ப் பக்கமாக உட்கார்ந்து வேலை பார்த்தாள். அங்கேயும் இரண்டு மணி நேரம் வெட்டு. காத்திருந்து, சார்ஜ் ஏற்றி, ஒரு படத்தை முடித்துவிட்டு நாலரை மணிக்கு வீடு திரும்பினாள்.

கதவைத் திறந்தாள். மாரிக்கண்ணன் தரையில் கிடந்தான். தண்ணீர்க் குடம் சாய்ந்து தரையெல்லாம் ஈரம். இரண்டு மணிக்குப் பொன்னுத்தங்கத்தின் மகளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், அவளைக் கூட்டிக்கொண்டு பொன்னுத்தங்கம் போய்விட்டாள். இவன் தாகம் தாங்காமல் முழங்கையால் குடத்தைச் சாய்த்துக் குடிக்கப் பார்த்திருக்கிறான். வழுக்கி விழுந்தவன் எழ முடியாமல் இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறான். வேட்டி நனைந்திருந்தது குடத்துத் தண்ணீரால் மட்டும் இல்லை.

அவனைத் தூக்கி உட்காரவைத்துக் கழுவிவிட்டாள். அவள் அழுதாள். அவன் அழவில்லை.

"முடிச்சிட்டியா?" என்று கேட்டான்.

"ஒண்ணு."

"நாளைக்கும் போ. எனக்கு ஒண்ணும் இல்ல. குடத்தை மட்டும் எட்டாம வை."

அவள் போகவில்லை. அவனோடு இருப்பதற்கென்று வாங்கிய மெஷின் அவனைத் தனியே போட்டுவிட்டு வரச் சொன்னால் என்ன செய்வது? பாட்டரி தனியாகச் சார்ஜ் ஏறாதே, சார்ஜரோடு மெஷினையே பெத்தணனிடம் கொடுத்தனுப்பினாள். அவர் சிவகாசியில் தன் மைத்துனர் வீட்டில் சார்ஜ் ஏற்றி அடுத்த டிரிப்பில் கொண்டுவந்து தருவார். காலையில் போனது மத்தியானம் வரும், சாயங்காலம் போனது ராத்திரி வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி பத்து நிமிஷத்தைச் சுமந்துகொண்டு. அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. சின்ன மெஷினாக இருந்தால் ஒரு சார்ஜில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாமே என்று நினைத்தாள். உடனே கணக்குப் போட்டும் பார்த்தாள். சின்னதில் செய்திருந்தால் இன்றைய தேதிக்குப் பதினைந்து படம்கூட முடிந்திருக்காது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் முப்பத்தாறு வரவில்லை. அச்சங்குளத்தில் இருந்துகொண்டு செய்யக்கூடிய வேலையே இல்லை அது என்பது ஆனி முப்பத்தொன்றாம் தேதி அவளுக்குப் புரிந்தது.

ஆடி மூன்றாம் தேதி முப்பத்திரண்டு படம் இருந்தது.

"முப்பத்திரண்டுக்கு ஆல்பம் தைக்க முடியுமாம்மா?" என்றார் கனகசபாபதி. கோபமாகச் சொல்லவில்லை. "மிச்சத்தை வேற ஆள் கையில கொடுத்துட்டேன். நீ செஞ்சதுக்குக் கூலி வாங்கிக்கோ. உன் வேலையில குத்தமே சொல்ல மாட்டேன். ஆனா ஆடிப்பெருக்கு ஒனக்காக நிக்காது. நாளைக்கே வந்துரு, நாற்காலி அப்படியேதான் இருக்கு."

டிரான்ஸ்பார்மர் ஆடி ஐந்தாம் தேதி வந்தது.

இப்போது வேல்விழி காலை ஏழரை மணி பஸ்ஸுக்குப் போகிறாள், சாயங்காலம் ஏழரைக்குத் திரும்புகிறாள். ஒரு மணிக்குப் பொன்னுத்தங்கம் வந்து சோறு ஊட்டித் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவாள். முதல் சில நாள் மிச்ச நேரமெல்லாம் மாரிக்கண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டி.வி.யை ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றாயிற்று. அரசாங்கம் தரும் இலவச டி.வி. அவர்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. ரேடியோ அவன் காதுக்கு எட்டாது.

லேப்டாப்பில் படம் போட்டுவிட்டுப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பழைய சண்டைப் படங்களாகப் பார்த்து ஏழெட்டு வாங்கி வந்தாள். வசனம் கேட்காவிட்டாலும் அடி புரியும். ஒன்று முடிந்ததும் அடுத்தது ஓடுகிற மாதிரி வரிசையாகப் போட்டுவிட்டு ஒருநாள் வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது.

"கரண்டு போனப்புறமும் ஓடுச்சு," என்றான் மாரிக்கண்ணன். "அப்புறம் நின்னுபோச்சு."

ஞாயிற்றுக்கிழமை கூடவே உட்கார்ந்து பார்த்தாள். பத்து மணிக்குக் கரண்டு போயிற்று. பாட்டரி பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. பன்னிரண்டுக்குக் கரண்டு வந்தது. இருபது நிமிஷம் பற்றாக்குறை; அதைத் தாண்டிவிட்டால் அவள் வரும்வரை படம் ஓடும். கரண்டு வந்துவிட்டது என்பதற்காக அணைந்த மெஷின் தானாக எழுந்துகொள்ளாது. திறந்து, தேடி, படத்தைப் போட வேண்டும். மாரிக்கண்ணனின் விரல்கள் அதற்கு ஆகாது. பொன்னுத்தங்கத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். அவள் இருபது வருஷம் பயராபீஸில் இருந்தவள், தெரியாததைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். "ஆத்தா, என்னை விட்டுரு," என்று கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிரீத்திகாவுக்குப் போன் போட்டாள். மாற்றிக்கொள்ள முடியாது என்றாள் அவள். தனி பாட்டரி சென்னையிலிருந்து வரவேண்டும்; அவள் சொன்ன விலை வேல்விழிக்கு எட்டாதது. "செட்டிங்ஸ்ல போய் ஒண்ணொண்ணாக் குறைச்சுப் பாருங்கக்கா," என்றாள் கடைசியில். "பிராசசர் வேகத்தையே குறைக்கலாம்."

வேல்விழி குறைத்தாள். திரையின் வெளிச்சத்தை, கண் கூசாத அளவு என்பதையும் தாண்டி, முகம் தெரிந்தால் போதும் என்கிற அளவுக்கு இறக்கினாள். சத்தத்தை நிறுத்தினாள், அவனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. சிடி சுழன்றால் சார்ஜ் போகும் என்று படங்களை உள்ளேயே ஏற்றினாள். பிறகு பிராசசரின் வேகத்தைப் பாதியாக்கினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்று, எந்த வேகத்துக்காகக் கையிலிருந்ததையெல்லாம் கொடுத்தாளோ அந்த வேகத்தைத் தன் கையாலேயே நசுக்கினாள். அதற்கும் கீழே இறக்கினால் படம் நின்று நின்று ஓடியது. மாரிக்கண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்று ஐம்பத்திரண்டு வரை ஓடிற்று.

"எட்டு நிமிஷந்தான," என்றான் அவன். "விடு புள்ள." பிறகு, "நாந்தான் வேகமா ஓடுறதை வாங்கச் சொன்னேன்," என்றான்.

பாட்டரி நாளாக ஆகக் குறையுமே தவிர ஏறாது என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

பிரஸ்ஸில் ஜெனரேட்டர் இருக்கிறது. அங்கே கரண்டு போவதே தெரியாது. வேல்விழி குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிறாள் என்று கனகசபாபதிக்குத் திருப்தி. பதினொன்று ஐம்பதுக்கு மேல் மட்டும் அவள் கை நின்றுவிடும். கண் திரையின் மூலையில் இருக்கிற கடிகாரத்துக்குப் போகும். ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. அச்சங்குளத்தில் சண்டை பாதியில் நின்றிருக்கும். எட்டு நிமிஷம் கழித்து அந்த வீட்டில் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். ஒரு மணிக்குப் பொன்னுத்தங்கம் வந்து ஊட்டிவிட்டுப் போவாள். மற்றபடி அவன் ஏழரை மணி வரை கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான்.